தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இன்க்லூஷன் பாடி மயோசைடிஸ் என்ற தசை நோய் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் வேறு ஏதோ தசை அழற்சி என்று நினைத்து ஒன்றரை ஆண்டு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பலன் இல்லாததால் நிறுத்திவிட்டார்கள். அப்போது எலும்புக்காக ஆரம்பித்த, வாரம் ஒரு முறை போடும் மாத்திரை மட்டும் தொடர்கிறது. தொடையில் பலம் இல்லை, விரல்களை இறுக்கி மடக்க முடிவதில்லை. ஆறு மாதமாகச் சாப்பாடு தொண்டையில் நிற்கிறது என்கிறார். இருபது நிமிடத்தில் சாப்பிட்டு எழுபவருக்கு இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. சாப்பிட்ட பிறகும் செருமிக்கொண்டே இருக்கிறார். எடை 70 கிலோவிலிருந்து 64 ஆகிவிட்டது. எண்டோஸ்கோப்பி செய்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். உறவினர் ஒருவர் சொன்னதால் தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் பொடி கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கிறோம். அது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, செருமலும் கூடியிருப்பதுபோல் தோன்றுகிறது. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் விட்டுவிட்டார். கெட்டியாக்குவது சரிதானா? கடைசியில் வயிற்றில் குழாய் வைக்க வேண்டியதுதானா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் முதலில் அடிக்கோடிட்ட இடம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த வாராந்திர எலும்பு மாத்திரை. எனவே அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். அலெண்ட்ரோனேட் அல்லது ரிசெட்ரோனேட் என்று இருந்தால், அடுத்த மாத்திரையைப் போடுவதற்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அதன்பின் அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டிய மாத்திரை அது. வழியில் எங்காவது ஒட்டி நின்றுவிட்டால் உணவுக்குழாயின் உட்சுவரை அரித்துப் புண்ணாக்கும். விழுங்கியது சரியாகக் கீழே இறங்காதவர்களுக்கு அது ஏற்றதல்ல. எலும்பைக் காக்க ஊசி மருந்துகள் இருக்கின்றன. ஸ்டீராய்டு நின்றுவிட்ட நிலையில் இந்த மருந்து இன்னும் தேவைதானா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். ஒரு காரணத்துக்காக ஆரம்பித்த மாத்திரை, காரணம் போன பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். அப்பாவின் விழுங்கல் சிரமம் தசை நோயால் வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த நோய் பொதுவாக 45, 50 வயதுக்கு மேல் வரும். தொடையின் முன்பக்கத் தசையையும் விரல்களை மடக்கும் தசைகளையும் முதலில் பிடிக்கும். பலரும் கேள்விப்படாத விஷயம், தொண்டைத் தசைகளையும் அது விட்டுவைப்பதில்லை. சிலருக்குக் கால் தளர்வதற்கு ஆண்டுகள் முன்பே விழுங்குவதில்தான் நோய் தலைகாட்டும். அப்போது யாருக்கும் தசை நோய் என்ற யோசனையே வராது.

ஒரு வாய் உணவை விழுங்க 30க்கும் மேற்பட்ட தசைகள் வரிசை தவறாமல் வேலை செய்ய வேண்டும். தொண்டைக்குள் நடக்கும் பகுதி மட்டும் ஏறக்குறைய ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடிக்குள் நாக்கு உணவைப் பின்னால் தள்ளுகிறது, குரல்வளை மேலே எழும்பித் தன்னை மூடிக்கொள்கிறது, தொண்டைச் சுவர் சுருங்கி உணவைக் கீழே பிழிகிறது. உணவுக்குழாயின் வாசலில் வளையம்போல ஒரு தசை இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் அது மூடியே இருக்கும், விழுங்கும் கணத்தில் மட்டும் திறக்கும். அது தானாகத் தளர்ந்தால் மட்டும் போதாது. மேலே எழும்பும் குரல்வளை அதை இழுத்துத் திறக்க வேண்டும், மேலிருந்து வரும் கவளமும் அதை அகட்ட வேண்டும்.

பக்கவாதம் வந்தவரிடம் கெட்டுப்போவது பெரும்பாலும் இதில் நேரமும் ஒழுங்கும்தான். குரல்வளை மூடத் தாமதமாகும், அதற்குள் தண்ணீர் ஓடிப்போய் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அதனால் தண்ணீரைக் கெட்டியாக்கி அதன் வேகத்தைக் குறைக்கிறார்கள். உங்கள் உறவினர் பார்த்ததும் அப்படி ஒருவரையாகத்தான் இருக்கும், அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் தசை நோயில் பெரும்பாலும் கதை வேறு. வரிசை சரியாகவே இருக்கும், தள்ளுவதற்குத்தான் பலம் இருக்காது. வாசல் தசையும் விறைத்துப்போய்ச் சரியாகத் திறக்காது. ஒரு மடக்கில் போக வேண்டிய கவளத்தில் பாதி போகும், மீதி நாக்கின் பின்பக்க வேரடியிலும் குரல்வளைக்குப் பக்கத்துப் பள்ளங்களிலும் தங்கிவிடும். அப்பா செருமுவது அந்த மிச்சத்துக்காக. விழுங்கி முடித்து மூச்சை உள்ளே இழுக்கும்போதோ, கொஞ்ச நேரம் கழித்துப் படுக்கும்போதோ அது வழிந்து மூச்சுக்குழல் பக்கம் போகிறது. சாப்பிடும்போது புரையேறாமல், சாப்பிட்டுக் கால்மணி கழித்து இருமுகிறார் என்றால் அநேகமாக இதுதான் நடக்கிறது.

கெட்டியான பொருளைத் தள்ளத்தான் அதிக பலம் வேண்டும், மிச்சமாகத் தங்கி ஒட்டிக்கொள்வதும் அதுதான். ஆகவே, பொடி கலந்த பிறகு செருமல் கூடியிருக்கிறது என்று நீங்கள் கவனித்தது பிரமை இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே தவறைச் செய்தேன். கண் இமை தொங்கிய ஒரு பெரியவர், தண்ணீர் குடித்தால் இருமுகிறது என்று வந்தார். நான் பாடத்தில் படித்தபடி கெட்டியாக்கச் சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார், எடை குறைந்து, உதடு வறண்டு. கெட்டித் தண்ணீர் பிடிக்காமல் குடிப்பதையே விட்டிருந்தார். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது தொண்டைப் பள்ளங்கள் முழுக்க நான் சொன்ன அந்தக் கெட்டிப் பானம்தான் தேங்கி நின்றது. படம் பார்க்காமல் யாருக்கும் கெட்டியாக்கச் சொல்வதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எனவே யாரும் சோதித்துப் பார்த்துச் சொல்லாத அந்தப் பொடியை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, ஒரு தேக்கரண்டி அளவாகச் சாதாரணத் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். நேராக உட்கார்ந்து, வாயைச் சுத்தம் செய்த பிறகு. இருமவில்லை, குரலும் ஈரமாகக் கொரகொரவென்று மாறவில்லை என்றால் சோதனை நாள்வரை அப்படிச் சின்னச் சின்ன மடக்காகவே தொடரலாம். அதிலும் இருமினாரென்றால் நீங்களாக எதுவும் முயல வேண்டாம், சோதனையை முன்னுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். கெட்டியாக்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தசை நோயாளிகளிலும் லேசான கெட்டி உதவுகிறவர்கள் உண்டு. எந்த அளவு என்பதைப் படம்தான் சொல்லும். அந்த அளவுக்குப் பொது அளவுகோலும் இருக்கிறது. 0 முதல் 7 வரை எண் கொடுத்திருக்கிறார்கள், தண்ணீர் 0, வழக்கமான உணவு 7. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் பானத்தை நிரப்பி, 10 விநாடி ஒழுகவிட்டு, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். ஒரு மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர் நிலை. நாலிலிருந்து எட்டு மில்லி மிஞ்சினால் இரண்டாம் நிலை. ‘கொஞ்சம் கெட்டியா’ என்று வாயால் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

எண்டோஸ்கோப்பி சரியாக இருந்ததே என்று கேட்பீர்கள். அந்தக் குழாய் தொண்டையைச் சட்டென்று தாண்டி உணவுக்குழாய்க்கும் வயிற்றுக்கும் போய்விடும். புண், கட்டி, அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. அதை நன்றாகவே செய்திருக்கிறது, அந்தப் பயம் தீர்ந்தது நல்லதுதான். தசை எப்படி இயங்குகிறது என்பதை அது காட்டாது. அதற்கு இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, பேரியம் கலந்த உணவையும் பானத்தையும் விழுங்கச் சொல்லி ஓடும் எக்ஸ்ரேயில் படம் பிடிப்பது, அதாவது வீடியோ ஃபுளோரோஸ்கோப்பி. இன்னொன்று, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, விழுங்குவதற்கு முன்னும் பின்னும் தொண்டையைப் பார்ப்பது. அப்பாவுக்கு நான் முதலில் கேட்பது எக்ஸ்ரே படத்தை. வாசல் தசை திறக்கிறதா என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும். இந்த நோயில் அந்த வளையத் தசை ஒரு மேடுபோலப் பின்பக்கத்திலிருந்து துருத்திக்கொண்டு நிற்பதைப் பல முறை பார்க்கலாம். படம் எடுக்கும்போது தண்ணீர் மட்டும் கொடுத்து முடித்துவிடாமல், கெட்டியானதும் மெல்ல வேண்டியதும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குச் சிரமம் தருவது எதுவோ அதைத்தானே பார்க்க வேண்டும்! சாப்பாட்டின் முடிவில்தான் மோசமாகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். களைப்பு ஏறிய பிறகு எடுத்த படமும் ஆரம்பத்தில் எடுத்த படமும் ஒன்றுபோல இருக்காது.

படத்தில் வாசல் தசைதான் முக்கியமான தடை என்று தெரிந்தால் வழிகள் இருக்கின்றன. பலூன் வைத்து அதை விரிக்கலாம். பலன் குறைந்தால் திரும்பவும் செய்யலாம். அந்தத் தசையை வெட்டித் தளர்த்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. போட்டாக்ஸ் ஊசியும் போடுகிறார்கள். அதன் பலன் சில மாதங்களுக்குத்தான், மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் இருக்கிற பலமும் குறையும் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம். எதுவானாலும், மேலிருந்து தள்ள ஓரளவாவது பலம் மிச்சமிருக்க வேண்டும். கதவைத் திறந்துவைத்தாலும் உள்ளே தள்ள ஆள் வேண்டுமே. அந்தப் பலம் இருக்கும்போதே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

இங்கே ஒரு சின்ன விலகல், வேறு தசை நோய் உள்ளவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால். எல்லாத் தசை நோயும் ஒன்றல்ல. டெர்மடோமயோசைடிஸ் போன்ற அழற்சி நோய்களில் ஸ்டீராய்டும் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளும் கொடுத்தால் விழுங்குவது பெரும்பாலும் தேறும். அப்பாவின் நோய் அவற்றுக்கு மசியாது, அதனால்தான் ஒன்றரை ஆண்டு வீணாயிற்று. மயஸ்தீனியாவில் காலையில் நன்றாக விழுங்குகிறவர் மாலையில் திணறுவார். அவருக்கு மாத்திரை போடும் நேரத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் பொருத்திக் கொடுத்தாலே வித்தியாசம் தெரியும். மயோட்டானிக் டிஸ்ட்ரோஃபி உள்ளவர்கள் சிரமம் இருப்பதையே சொல்ல மாட்டார்கள். பலருக்கு உணவு மூச்சுக்குழலில் இறங்கினாலும் இருமல்கூட வராது. அவர்கள் புகார் சொல்லட்டும் என்று காத்திருந்தால் நிமோனியாதான் வந்து சொல்லும். 40 வயதைத் தாண்டியபின் இமையும் தொண்டையும் சேர்ந்து தளர்கிற பரம்பரை நோய் ஒன்றும் இருக்கிறது. அதற்கான மரபணுவை 1998இல் கண்டுபிடித்தார்கள். நான் மேலே சொன்ன பெரியவருக்கு அதுதான். இமை தொங்குவதால் எதிரே இருப்பதைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்வார், அப்படியே சாப்பிடவும் செய்வார். தலை பின்னால் போனால் மூச்சுக்குழலுக்கு வழி இன்னும் அகலமாகத் திறந்துகொள்ளும். இமையைத் தூக்கி ஒட்டி, தலையை நேராக வைத்துச் சாப்பிடச் சொன்னதில் அவருடைய இருமல் பாதியாகக் குறைந்தது. கெட்டிப் பொடியால் முடியாததை ஒரு துண்டு ஒட்டு நாடா செய்தது.

சரி, சோதனை நடக்கும்வரை வீட்டில் என்ன செய்யலாம்? மிச்சத்தைக் குறைப்பதும் தங்கியதைக் கழுவி இறக்குவதும்தான் வேலை. காய்ந்தது, உதிர்வது, பசைபோல ஒட்டுவது, தோலும் நாருமாக இருப்பது ஆகிய நான்கையும் தள்ளிவையுங்கள். உலர்ந்த ரொட்டி, நார் மிகுந்த இறைச்சி, தூளாக உதிரும் பிஸ்கட் எல்லாம் இதில் வரும். உணவு மென்மையாகவும் ஈரமாகவும் குழம்பாக வழுக்கிக்கொண்டும் போகட்டும். வாய்க்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கவளத்துக்கும் இரண்டு முறை விழுங்கச் சொல்லுங்கள், இரண்டாவது முறை வாயில் ஒன்றும் இல்லாமல், பல்லைக் கடித்து முழு பலத்தோடு. இரண்டு மூன்று கவளத்துக்கு ஒரு முறை, ஒரு சின்ன மடக்குத் தண்ணீர். தேக்கரண்டிச் சோதனையில் தண்ணீர் இருமலில்லாமல் போனால் மட்டும் இது. தாடையைச் சற்றுத் தாழ்த்தி விழுங்குவது சிலருக்கு உதவும், சிலருக்கு மிச்சத்தைக் கூட்டும். அதைப் படம் எடுக்கும் அன்றே செய்து பார்த்துவிடலாம். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் படுக்க வேண்டாம்.

ஒரு மணி நேரச் சாப்பாடு தசைக்குப் பெரிய உழைப்பு. அரை மணியில் நிறுத்துங்கள், மீதியை இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். நாளுக்கு மூன்று வேளை என்பது ஐந்தாறு வேளையாகட்டும். முக்கியமான சாப்பாட்டை அவருக்குத் தெம்பாக இருக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். அளவைக் கூட்ட முடியாதபோது சத்தைக் கூட்டுவதுதான் வழி. எண்ணெய், வெண்ணெய், பால் பொடி, முட்டை என்று அதே தேக்கரண்டிக்குள் அதிகச் சத்து போகும்படி செய்யுங்கள். இதை ஊட்டச்சத்து நிபுணரிடம் கேட்டுச் செய்வது நல்லது. 70லிருந்து 64 என்பது எட்டரை சதவீதம். ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைவது ஆபத்தான எல்லை, அதற்குப் பக்கத்தில் நிற்கிறார். தசை நோயில் தசை போய் அந்த இடத்தில் கொழுப்பு சேர்வதால் எடைக் கருவி நிலைமையைச் சற்று நல்லதாகவே காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகிறதா என்றும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

பல் துலக்குவதை நான் மருந்தாகவே எழுதிக்கொடுப்பேன். நுரையீரலுக்குள் கொஞ்சம் எச்சிலோ தண்ணீரோ இறங்குவதைவிட, அதோடு வாயிலிருக்கும் கிருமிகள் இறங்குவதுதான் நிமோனியாவுக்கு வழி. காலையிலும் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் துலக்கச் சொல்லுங்கள். விரல் பலம் இல்லாதவருக்குத் துலக்கியின் பிடி தடிமனாக இருக்கட்டும், மின்சாரத் துலக்கியானால் இன்னும் சுலபம்.

மாத்திரைகளை நீங்களாகப் பொடித்துக் கொடுக்காதீர்கள். நாள் முழுக்க மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்தும் ஒரேயடியாக உள்ளே போய்விடும். மருந்தாளுநரிடம் பட்டியலைக் கொடுத்தால் எதைப் பொடிக்கலாம், எதற்குத் திரவ வடிவம் உண்டு என்று சொல்வார்.

தொண்டைப் பயிற்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். விழுங்கும்போது குரல்வளையை மேலேயே சில விநாடி பிடித்து நிறுத்தும் ஒரு முறை இந்த நோயில் சிலருக்குப் பயன்பட்டிருக்கிறது. விழுங்கல் பயிற்சி தரும் தெரபிஸ்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் அது. பலவீனமான தசையைக் களைத்துப்போகும்வரை வேலை வாங்குவது பயிற்சி ஆகாது. பயிற்சி செய்த அன்று சாப்பாடு இன்னும் கஷ்டமாக இருந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது இருமல் பலத்தையும் மூச்சுக் கொள்ளளவையும் அளக்கச் சொல்லுங்கள். ஓங்கி இருமும்போது காற்று நிமிடத்துக்கு 270 லிட்டர் வேகத்துக்குக் கீழே வந்தால் சளிக்காலத்தில் சிரமப்படுவார். 160க்குக் கீழே போனால் சளியை வெளியேற்றவே முடியாது. விழுங்கல் சற்று மோசமாக இருந்தாலும் இருமல் பலமாக இருப்பவர் சமாளித்துவிடுவார், இரண்டும் சேர்ந்து பலவீனமானவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இருமலுக்கு உதவும் கருவி இருக்கிறது. சாப்பிடும்போது உண்மையாகவே அடைத்துக்கொண்டு, பேசவும் இருமவும் முடியாமல் போனால், முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி, அப்புறம் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேல் உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தல், அடைப்பு விலகும்வரை மாற்றி மாற்றி. இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். இருமிக்கொண்டிருக்கிறார் என்றால் தட்ட வேண்டாம், இருமவிடுங்கள். காய்ச்சல், மூச்சிரைப்பு, நிறம் மாறிய சளி, காரணமில்லாத மந்தம் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழாயைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போது அதற்கு அவசியம் இருப்பதாக உங்கள் கடிதத்தை வைத்துத் தோன்றவில்லை. நான் சொன்னவற்றையெல்லாம் செய்தும் எடை இறங்கிக்கொண்டே போனால், அல்லது நிமோனியா திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பேச்சு வரும். வரும்போது அது தோற்றுப்போனதன் அடையாளம் என்று அப்பா நினைத்துவிடக் கூடாது. குழாய் வைத்த பிறகும் ஆசைக்கு வாயால் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். எடைக்குக் குழாய், ருசிக்கு வாய் என்று பிரித்துக்கொண்டதும் ஒரு மணி நேரப் போராட்டம் முடிந்து நிம்மதியாக இருக்கிறது என்பார்கள். ஆனால் குழாய் வைத்தால் நிமோனியாவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எச்சிலும் வயிற்றிலிருந்து மேலே வருவதும் இருக்கத்தான் செய்யும். வைப்பதென்று ஆனால் மூச்சுப் பலம் நன்றாக இருக்கும்போது வைப்பது பாதுகாப்பு. அதனால் பேச்சை மட்டும் முன்கூட்டியே, அப்பாவையும் வைத்துக்கொண்டு, ஆரம்பித்துவிடுங்கள். அவருடைய தொண்டையைப் பற்றி அவர் இல்லாத அறையில் முடிவு எடுக்காதீர்கள்.

தனியாகச் சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். செருமுவதையும் துப்புவதையும் மற்றவர்கள் பார்ப்பது அவருக்கு வெட்கமாக இருக்கலாம். அதைவிட, அடைத்துக்கொண்டால் உதவ ஆள் இல்லாத அறையில் அவர் உட்காருவதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. கட்டாயப்படுத்தி அழைக்காதீர்கள். பெரும் பகுதியை உங்களில் ஒருவர் மட்டும் கூட இருக்க, முன்னாலேயே அமைதியாகச் சாப்பிட்டு முடிக்கட்டும். பிறகு எல்லோரும் உட்காரும்போது அவருக்கு வழுக்கிக்கொண்டு போகிற ஏதாவது ஒன்றைச் சின்னக் கிண்ணத்தில் வைத்துக் கூட உட்காரவையுங்கள். ஒரு துணியும் மூடி போட்ட கிண்ணமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அவர் வாயில் கவளம் இருக்கும்போது மட்டும் யாரும் அவரிடம் கேள்வி கேட்க வேண்டாம்.